பானையை மூடுவதா, ஓட்டை போடுவதா?

பதிவு நீளம். வகுப்பில் நாற்பது நிமிடம் என் பாடத்தைத் தாங்கியவர்கள்தானே, இதையும் தாங்கிக்கொள்ளுங்கள். படிக்காமலே கைகூப்பும் படம் போட்டுவிட்டுப் போகிறவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும்.

போன வாரம் நம் பழைய மாணவர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒருவன் கேட்டான். "காருக்கு சப்வூஃபர் போடப் போறேன். சீல்டு பாக்ஸா, போர்ட்டட் பாக்ஸா? சொல்லுங்கப்பா." பதினேழு பேர் பதில் போட்டீர்கள். பதினாறு பேர் "போர்ட்டட்தான் மாஸ்" என்றீர்கள். நான் ஒருவன் மட்டும் "உன் காருக்கு மூடிய பெட்டியே போதும்" என்று எழுதினேன். உடனே ஒரு தம்பி, "சார், நீங்க சுப்ரபாதம் கேக்குற வயசு, உங்களுக்கு அது போதும்" என்றான். அதன் கீழே இருபது சிரிப்புப் பொம்மைகள்.

கோபமில்லை. ஆனால் பதினாறு பேர் சொன்னதில் ஒருவர்கூடக் காரணம் சொல்லவில்லை. "அதுல பேஸ் ஜாஸ்தி", "கடைக்காரர் சொன்னார்", "என் மச்சான் போட்டிருக்கான்". ஏழாம் வகுப்பு அறிவியல் தேர்வில் இப்படி எழுதியிருந்தால் நான் எத்தனை மதிப்பெண் போட்டிருப்பேன்? அந்த வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன்.

உறவுக்காரர்களில் சிலருக்கு இது என்னவென்றே தெரியாது. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காரின் டிக்கியில் பெரிய ஸ்பீக்கர் ஒன்றைப் பெட்டிக்குள் வைத்துப் பொருத்துவார்கள். "தும் தும்" என்று நெஞ்சில் இடிக்கும் கீழ்ஸ்தாயி ஓசைக்கு அது. அந்தப் பெட்டியை நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் அடைத்தால் சீல்டு, அதாவது மூடிய பெட்டி. அதில் அளவாக ஒரு குழாயோ நீளத் திறப்போ வைத்தால் போர்ட்டட், அதாவது துளைப் பெட்டி. சண்டை இவ்வளவுதான். ஆனால் இந்தச் சண்டைக்குள் பணம் இருக்கிறது, காது இருக்கிறது, ஏமாற்றும் இருக்கிறது.

"வாத்தியாருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?" என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. ஆசிரியர் பயிற்சி முடித்ததும் எனக்கு வேலை கிடைத்துவிடவில்லை. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு வருஷக் கணக்கில் காத்திருந்தேன். அந்த ஆறு வருஷமும் சோறு போட்டது ஒரு சவுண்ட் சர்வீஸ். கூழ் வார்த்தல், தீமிதி, கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் புனல் ஸ்பீக்கரை மூங்கிலில் கட்டியவன் நான். வந்தவாசி சாலையிலும் புக்கத்துறை கூட்டுச்சாலைப் பக்கமும் நான் ஒயர் இழுக்காத புளியமரம் குறைவு. பெட்டி அடிக்கும் தச்சரின் பக்கத்தில் உட்கார்ந்து, எந்தப் பெட்டிக்கு எந்த ஸ்பீக்கர் குரல் கொடுக்கும் என்று கேட்டுக் கேட்டுப் பழகியவன். கணக்கு பின்னால்தான் படித்தேன்.

பழைய மாணவர்களுக்குப் பானை ஸ்பீக்கர் நினைவிருக்கும். மேஜைமேல் ஒரு ஸ்பீக்கரை வெறுமனே வைத்துப் பாட வைப்பேன். கொசு பாடுவதுபோல் இருக்கும். அதையே தூக்கி மண்பானையின் வாயில் கவிழாமல் உட்கார வைத்தால் வகுப்பே "ஓ" என்று கத்தும். அதே ஸ்பீக்கர், அதே பாட்டு, எங்கிருந்து வந்தது இந்த கனம்?

காரணம் எளிது. ஸ்பீக்கரின் கோன் முன்னால் தள்ளும்போது முன்பக்கக் காற்று அழுந்துகிறது, பின்பக்கக் காற்று தளர்கிறது. ஓரத்தைச் சுற்றி இரண்டும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடுகின்றன. கீழ்ஸ்தாயி ஓசையில் இந்த இழப்பு மிக அதிகம். பானை என்ன செய்கிறது? பின்பக்க ஓசையை உள்ளே பூட்டிவைக்கிறது. முன்பக்கம் மட்டும் நம்மிடம் வருகிறது. மூடிய பெட்டி என்பது பானைதான். பானைக்குப் பதில் எம்.டி.எஃப். பலகை, அவ்வளவே.

இங்கே ஒரு பாவமன்னிப்பு கேட்க வேண்டும். ஒரு வருஷம் ஒரு பையன் அடியில் ஓட்டை விழுந்த பானையைக் கொண்டுவந்தான். நான் "ஓட்டைப் பானையில் பேஸ் எல்லாம் ஒழுகிப் போயிடும்டா" என்று சொல்லி ஓரமாக வைக்கச் சொன்னேன். அவன் கேட்காமல் ஸ்பீக்கரை வைத்தான். ஒரு சில இடங்களில் நல்ல பானையைவிட அதிகமாகவே முழங்கியது. நான் அவனைத் திட்டி உட்கார வைத்தேன். கண்ணா, நீ இதைப் படிக்கிறாயா தெரியாது. அன்று தப்பு என்னுடையது. ஓட்டையிலிருந்தும் ஓசை வரும். அதுவும் நன்றாகவே வரும். ஆனால் எல்லா ஸ்வரத்துக்கும் வராது. அங்கேதான் விஷயமே இருக்கிறது.

காலி சோடா பாட்டிலின் வாயில் ஊதிப் பாருங்கள். ஒரே ஒரு ஸ்வரம்தான் வரும். பாட்டிலுக்குள் இருக்கும் காற்று ஒரு ஸ்பிரிங். கழுத்தில் இருக்கும் காற்று ஒரு எடை. ஸ்பிரிங்கில் கட்டிய எடை தனக்கென்று ஒரு வேகத்தில்தான் ஆடும். 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் இதை விரிவாக ஆராய்ந்தார். நம் கடம் வித்வான்களின் கைக்கு இது தெரியும். கடத்தின் வாயை வயிற்றோடு அணைக்கும்போது ஓசை தாழும், விலக்கும்போது உயரும். வாய் குறுகினால் ஸ்வரம் தாழும். துளைப் பெட்டியின் முழு ரகசியமும் வித்வானின் வயிற்றில் இருக்கிறது.

ஆகவே துளைப் பெட்டி என்பது ஒரு ஸ்வரத்துக்கு ஸ்ருதி கூட்டிய பாட்டில். அந்த ஸ்வரத்தின் அக்கம்பக்கத்தில் குழாய் பாடும், கோன் அதிகம் அசையாமல் ஓய்வெடுக்கும். அதே ஆம்ப்ளிஃபையரில் அதிக சத்தம் கிடைக்கும். அமெரிக்காவில் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த தூராஸ் 1930இல் இதற்குக் காப்புரிமை கேட்டு, 1932இல் பெற்றார். நல்ல கண்டுபிடிப்பு. அதை நான் குறை சொல்லவே இல்லை.

ஆனால் அந்த ஸ்வரத்துக்குக் கீழே போனால் என்ன ஆகும்? மூடிய பெட்டியில் உள்ளே இருக்கும் காற்று எப்போதும் கோனைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருக்கும். சைக்கிள் பம்பின் நுனியை விரலால் அடைத்துக் கைப்பிடியை அழுத்துங்கள், திருப்பித் தள்ளும். அதுதான் அந்தப் பிடிப்பு. துளைப் பெட்டியில் ஸ்ருதிக்குக் கீழே அந்த விரலை எடுத்துவிட்ட கதை. காற்று குழாய் வழியே சும்மா போய் வரும். கோனைப் பிடிக்க ஆளில்லை. ஆம்ப் தள்ளும் தள்ளலில் கோன் எல்லை தாண்டி ஓடும்.

இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. என் தங்கை மகன் கதை சொல்கிறேன். அவன் அனுமதி கொடுத்துவிட்டான். "பேரு மட்டும் போடாதீங்க மாமா" என்றான்.

போன தீபாவளிக்கு அவனுடைய பழைய ஸ்விஃப்ட் காரில் 12 இன்ச் ஊஃபர், ரெடிமேட் துளைப் பெட்டி, ஆம்ப் எல்லாம் சேர்த்துப் பதினெட்டாயிரம் ரூபாய்க்குப் போட்டான். எந்த ஊர், எந்தக் கடை என்பது வேண்டாம். சீட்டு எடுத்த பணம். முதல் மாதம் ஆஹா ஓஹோ. இரண்டாவது மாதம் அவனே, "எல்லாப் பாட்டும் ஒரே மாதிரி இடிக்குது மாமா" என்றான். ஆறாவது மாதம் ஒரு புதுப் பாட்டில் "டக்" என்று ஒரு சத்தம். கோன் கிழிந்து, காயில் நின்றுபோய், ஊஃபர் முடிந்தது. கடைக்காரர் என்ன சொன்னார் தெரியுமா? "பாட்டு ஓவர் பேஸ் தம்பி. இதைவிடப் பெரிய பாக்ஸா போட்டுடலாம், இருபத்தெட்டு ஆகும்."

அவன் அந்த இருபத்தெட்டாயிரத்துக்குத் தயாராகிவிட்டான். அவன் அம்மாதான் போன் செய்து, "அண்ணா, இவன்கிட்ட கொஞ்சம் பேசு" என்றாள்.

பெட்டியைத் திண்ணையில் இறக்கி இன்ச் டேப் எடுத்தேன். பலகை கனத்தைக் கழித்து, ஊஃபரும் குழாயும் அடைக்கும் இடத்தையும் கழித்தால் உள்ளே சுமார் 40 லிட்டர் காற்று. குழாய் 10 சென்டிமீட்டர் அகலம், 12 சென்டிமீட்டர் நீளம். குழாயின் இரண்டு முனையிலும் கொஞ்சம் காற்று சேர்ந்து ஆடுவதால் கணக்குக்கு நீளம் 19 சென்டிமீட்டருக்குச் சற்று மேல் என்று கொள்ள வேண்டும். ஹெல்ம்ஹோல்ட்ஸ் கணக்கைப் போட்டேன். ஸ்ருதி 55 ஹெர்ட்ஸ்.

இதன் பொருள் என்ன? சாதாரண நான்கு தந்தி பேஸ் கிடாரின் மிகத் தாழ்ந்த ஸ்வரம் 41 ஹெர்ட்ஸ். அதுவே இந்தப் பெட்டியின் ஸ்ருதிக்குக் கீழே இருக்கிறது. இன்றைய சினிமாப் பாட்டில் கணினியில் செய்த பேஸ் இன்னும் கீழே போகும். அதாவது எந்த ஓசைக்காக ஊஃபர் வாங்கினானோ அந்த ஓசை வரும்போதெல்லாம் கோன் பிடிப்பில்லாமல் தவித்திருக்கிறது. போதாததற்கு ஆம்பில் "பேஸ் பூஸ்ட்" திருகை முழுக்க வலப்பக்கம் வைத்திருந்தார்கள். பல ஆம்ப்களில் அது 45 ஹெர்ட்ஸைச் சுற்றி 12 டெசிபல் ஏற்றும். அப்படியென்றால் அந்த இடத்தில் ஆம்ப் 16 மடங்கு சக்தியை அனுப்புகிறது. பிடிப்பில்லாத கோனுக்கு 16 மடங்கு சக்தி. பாட்டின் மீது பழி போட்டார்களே, அது நியாயமா?

அதே பெட்டியில் 55ஐச் சுற்றி வரும் ஓசை எல்லாம் "பூம்", "பூம்". தவிலானாலும் பூம், பேஸ் கிடாரானாலும் பூம். இளையராஜா பாட்டில் பேஸ் கிடார் பல்லவிக்குக் கீழே தனியாக ஒரு பாட்டே பாடிக்கொண்டு போகுமே, அது எங்கே? எல்லா ஸ்வரத்தையும் ஒரே ஸ்வரமாக்கித் தருவதற்கு எதற்குப் பதினெட்டாயிரம்? பானையைக் கவிழ்த்து உலக்கையால் இடித்தால் போதாதா?

இப்போது என் முக்கியமான வாதத்துக்கு வருகிறேன். இதைக் கவனமாகப் படியுங்கள்.

எந்தப் பெட்டியானாலும் ஒரு அளவுக்குக் கீழே ஓசை குறையும். சுமாராகச் சொன்னால், மூடிய பெட்டியில் ஒரு ஸ்தாயி இறங்கினால் ஒலியழுத்தம் கால் பங்காகும். துளைப் பெட்டியில் ஸ்ருதிக்குக் கீழே ஒரு ஸ்தாயி இறங்கினால் மாகாணி, அதாவது பதினாறில் ஒன்றாகும். மூடிய பெட்டி சரிவில் இறங்குகிறது, துளைப் பெட்டி கிணற்றில் விழுகிறது.

கார் என்பது வீடு அல்ல. கண்ணாடி ஏற்றிய கார் ஒரு சின்ன டப்பா. கீழ்ஸ்தாயி அலைகள் அந்த டப்பாவைவிட நீளமானவை. டப்பாவின் நீளம் அலையின் பாதியைவிடச் சின்னதாகிவிட்டால், அலை ஓட இடமில்லாமல் உள்ளே இருக்கும் காற்று முழுவதும் ஒன்றாக அழுந்தித் தளரும். அப்போது கீழே போகப் போக ஓசை தானாக ஏறும். ஸ்விஃப்ட் போன்ற காரின் உட்பக்கம் முன்கண்ணாடியிலிருந்து டிக்கிக் கதவு வரை ஏறத்தாழ இரண்டரை மீட்டர் என்று வையுங்கள். ஒலியின் வேகம் விநாடிக்கு 343 மீட்டர். அதை ஐந்தால் வகுத்தால் 68 ஹெர்ட்ஸ் சொச்சம். அதற்குக் கீழே கார் தானே பேஸைத் தூக்கிக் கொடுக்கத் தொடங்கும். ஏட்டுக் கணக்குப்படி ஒரு ஸ்தாயிக்கு நான்கு மடங்கு. தகரமும் கதவு இடுக்கும் கசிவதால் நடைமுறையில் அதைவிடக் குறைவு.

மூடிய பெட்டி ஸ்தாயிக்குக் கால் பங்காக இறங்குகிறது. கார் ஸ்தாயிக்கு நான்கு மடங்கு வரை ஏற்றுகிறது. கூட்டிக் கழித்தால்? சமதரை. இயற்கையே இலவசமாகக் கொடுக்கும் உதவி இது. அதன் மேல் ஸ்ருதி கூட்டிய துளைப் பெட்டியையும் வைத்தால் ஏற்கெனவே மேடான இடத்தில் இன்னொரு மேடு. அதுதான் அந்தப் பூம்.

இனி உங்கள் மறுப்புகள். ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

"சார், துளைப் பெட்டியில சத்தம் ஜாஸ்தி, அதை ஒத்துக்கிறீங்களா?" ஒத்துக்கொள்கிறேன். ஸ்ருதியைச் சுற்றி, சரியாகச் செய்த பெட்டியில், 3 டெசிபல் அளவுக்கு அதிகம் கிடைக்கும். அதே ஏற்றத்தை மூடிய பெட்டியில் பெற ஆம்ப் இரண்டு மடங்கு சக்தி கொடுக்க வேண்டும். ஆனால் காதுக்கு "இரண்டு மடங்கு சத்தம்" என்று தோன்ற ஏறத்தாழ 10 டெசிபல் வேண்டும். 3 டெசிபல் என்பது ஒரு சின்ன ஏற்றம். அதற்காகவா டிக்கியை விற்கிறீர்கள்?

"டிக்கி சும்மாதானே சார் கெடக்குது?" சும்மா கிடக்கிறதா? 2018இல் வந்த ஸ்விஃப்டின் டிக்கியே 268 லிட்டர்தான். 12 இன்ச் ஊஃபருக்கு மூடிய பெட்டி பெரும்பாலும் 28 லிட்டர், அதாவது ஒரு கன அடி அளவில் அடங்கிவிடும். முறையான துளைப் பெட்டிக்கு உள்ளளவே 50 லிட்டர் பக்கம் வேண்டும். அதன் மேல் பலகை, குழாய் எல்லாம். அப்புறம் பிள்ளைத்தாய்ச்சியை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகும்போது பையை எங்கே வைப்பாய்? மாட்டுத் தீவன மூட்டையை எங்கே வைப்பாய்? நம் ஊரில் கார் என்பது பாட்டுப் பெட்டி மட்டும் இல்லையே.

"அப்ப சின்ன துளைப் பெட்டியா போட்டுக்கலாமே?" இதுதான் கடையில் நடக்கும் தில்லுமுல்லு. 50 லிட்டர் பெட்டியில் 10 சென்டிமீட்டர் அகலம், 20 சென்டிமீட்டர் நீளக் குழாய் வைத்தால் ஸ்ருதி 41 ஹெர்ட்ஸ். அதே குழாயை 30 லிட்டர் பெட்டியில் வைத்தால் 53க்கு ஏறிவிடும். திரும்ப இறக்க வேண்டுமானால் குழாயை நீட்ட வேண்டும், பெட்டிக்குள் இடம் இருக்காது. குறுகலான குழாய் வைத்தால் காற்று வேகமாக ஓடி "புஸ் புஸ்" என்று பாம்பு மாதிரி சீறும். மூடிய பெட்டியில் இரண்டு லிட்டர் கூடினாலும் குறைந்தாலும் பெரிய குற்றமில்லை. துளைப் பெட்டி கணக்குத் தப்பை மன்னிக்காது.

"பெரிய பெரிய கம்பெனியெல்லாம் துளைப் பெட்டிதானே செய்றாங்க?" செய்கிறார்கள், அளந்து செய்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961இல் துளைப் பெட்டிக்கான கணக்கை ஒழுங்குபடுத்தி எழுதினார். 1970களில் ரிச்சர்ட் ஸ்மால் அதை இன்னும் விரித்தார். அந்த இருவர் பெயரால்தான் இன்றும் ஊஃபருடன் வரும் அட்டவணையைத் தீல்-ஸ்மால் எண்கள் என்கிறார்கள். உங்கள் கடையில் அந்தத் தாளை எடுத்துப் பார்த்தவர் யார்? பெட்டியை வாங்கி, ஊஃபரைத் திருகி, காசை எண்ணுகிறார்கள். அதற்குப் பெயர் போர்ட்டட் பாக்ஸ் இல்லை, ஓட்டைப் பெட்டி.

நியாயமாகச் சொல்ல வேண்டும். வீட்டுக் கூடத்தில் சினிமா பார்க்க ஊஃபர் வைக்கிறீர்களா? கூடம் காரைவிடப் பெரியது, கார் தரும் இலவச ஏற்றம் அங்கே அந்த அளவுக்குக் கிடையாது. துளைப் பெட்டி வையுங்கள். டிக்கி கதவைத் திறந்து மைதானத்தில் பாட விடுகிற போட்டிக்குப் போகிறீர்களா? துளைப் பெட்டி வையுங்கள். நன்றாகக் கணக்குத் தெரிந்தவர், ஸ்ருதியை 35க்குப் பக்கத்தில் வைத்து, அதற்குக் கீழே வெட்டும் சப்சோனிக் ஃபில்டரையும் போட்டுத் தந்தால் காரிலும் அது நன்றாகவே பாடும். என் சண்டை துளையோடு இல்லை. அளக்காமல் போட்ட துளையோடு.

நாம் இருப்பது உத்திரமேரூர். பராந்தக சோழன் காலத்தில், ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னால், யார் வாரியத்துக்கு நிற்கலாம், யார் நிற்கக் கூடாது என்று வயசு, நிலம், படிப்பு எல்லாவற்றுக்கும் விதி எழுதிக் கல்லில் வெட்டி, குடத்தில் ஓலை போட்டுக் குலுக்கி எடுத்த ஊர். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இன்றும் இருக்கிறது, சுற்றுலா கூட்டிப்போய்க் காட்டியிருக்கிறேன். குடத்துக்குள் ஓலை போடவே அத்தனை விதி வைத்த ஊரில், குடத்தில் ஓட்டை போட ஒரு கணக்குகூட வேண்டாமா?

ஆகவே கடைக்குப் போகிறவர்கள் இந்த ஐந்து கேள்வியைக் கேளுங்கள். சென்னை ஜி.பி. ரோடானாலும் சரி, காஞ்சிபுரமானாலும் சரி.

1. இந்தப் பெட்டியின் உள்ளளவு எத்தனை லிட்டர்?

2. துளைப் பெட்டி என்றால், ஸ்ருதி எத்தனை ஹெர்ட்ஸ்?

3. ஊஃபர் தாளில் எஃப்.எஸ். என்ற எண்ணை க்யூ.இ.எஸ். என்ற எண்ணால் வகுத்தால் என்ன வருகிறது? 50க்குப் பக்கம் என்றால் அந்த ஊஃபர் மூடிய பெட்டிக்கு வசதி. 100க்குப் பக்கம் என்றால் துளைப் பெட்டிக்கு வசதி. தோராய விதிதான், ஆனால் ஒன்றுமே கேட்காமல் இருப்பதற்கு இது மேல்.

4. சப்சோனிக் ஃபில்டர் இருக்கிறதா, எந்த எண்ணில் வைத்தீர்கள்?

5. என் காரில், கண்ணாடியை ஏற்றி, என் பாட்டைப் போட்டுக் காட்டுவீர்களா?

இரண்டாவது கேள்விக்கு அவர் சிரித்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

மூடிய பெட்டி வாங்கினால் ஒரே ஒரு சோதனை. பாட்டை ஓடவிட்டு, ஊதுபத்திப் புகையை மூலைகளிலும் ஊஃபர் விளிம்பிலும் காட்டுங்கள். புகை துடித்தால் கசிவு இருக்கிறது. அடைத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். இன்னொரு லாபமும் உண்டு. தங்கை மகன் பெட்டியைத் திறந்தபோது உள்ளே சுண்டெலி கூடு கட்டியிருந்தது, குழாய் வழியாகக் குடியேறியிருக்கிறது. மூடிய பெட்டியில் அந்த வாடகைதாரர் வர மாட்டார்.

கடைசியாக ஒன்று. இதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும், சொல்லத் தயக்கமாக இருந்தது.

மூடிய பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே ஸ்பிரிங்காகப் பயன்படுத்தி, சின்னப் பெட்டியில் ஆழமான பேஸ் வரவைத்தவர் அமெரிக்காவின் எட்கர் வில்ச்சர். 1954இல் அவருடைய ஸ்பீக்கர் விற்பனைக்கு வந்தது. அவரும் நம்மைப் போல வாத்தியார்தான், நியூயார்க்கில் ஒலி பற்றிப் பாடம் எடுத்தவர். ஸ்பீக்கர் தொழிலை விட்ட பிறகு அவர் என்ன செய்தார் தெரியுமா? காது கேளாதவர்களுக்கான மெஷினை ஆராய்ந்தார். மெல்லிய ஓசையை அதிகமாகவும், பலத்த ஓசையைக் குறைவாகவும் பெருக்கும் முறையை உருவாக்கி, காப்புரிமை வாங்காமல் உலகத்துக்கே கொடுத்தார். இன்றைய காது மெஷின்கள் அந்த வழியில் வந்தவைதான்.

அதில் ஒன்று இப்போது என் இடது காதில் இருக்கிறது. மூன்று வருஷமாக.

ஆறு வருஷம் புனல் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நின்றவனுக்கு அது வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். கடைசி பெஞ்சில் நீங்கள் பேசியதை நான் பெருந்தன்மையாக விட்டுவிட்டேன் என்று நினைத்திருப்பீர்கள். பாதி எனக்குக் கேட்கவே இல்லை, கண்ணுகளா.

காதுக்கு ஒரு கணக்கு உண்டு. 85 டெசிபலில் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் வரை தாங்கும் என்று அமெரிக்காவின் நியோஷ் நிறுவனம் சொல்கிறது. ஒவ்வொரு 3 டெசிபல் ஏற்றத்துக்கும் நேரம் பாதியாகும். 88க்கு நான்கு மணி, 91க்கு இரண்டு, 94க்கு ஒன்று, 100க்கு வெறும் கால் மணி நேரம். சென்ற பத்தியில் 3 டெசிபல்தான், சின்ன ஏற்றம் என்றேனே, அதே மூன்று காதின் கணக்கில் பாதி நேரத்தைத் தின்றுவிடும். தாழ்ந்த ஓசை காதுக்கு மெலிதாகவே கேட்கும் என்பதால் இன்னும் ஏற்று, இன்னும் ஏற்று என்று கை போகும். கூடவே பாட்டு முழுவதும் ஏறும். பின்சீட்டில் குழந்தை தூங்குகிறது என்பீர்கள். அது தூங்குகிறது, அதன் காது தூங்குவதில்லை.

மூடிய பெட்டியிலும் சத்தமாக வைக்கலாம், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் ஸ்வரம் தெளிவாகக் கேட்டால் ஏற்றத் தோன்றாது. மங்கலாகக் கேட்பவன்தான் ஏற்றுவான். இதை ஒரு காது மெஷின்காரன் சொல்கிறேன், நம்புங்கள்.

வேடந்தாங்கல் பக்கத்து ஊர் ஜனங்கள் பறவைக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. எந்தச் சட்டமும் வருவதற்கு முன்பிருந்தே பழகிய மரியாதை அது. நமக்கோ 2000ஆம் வருஷத்து ஒலி மாசு விதிகள் இருக்கின்றன. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவு பத்து முதல் காலை ஆறு வரை 45 டெசிபல், ஆஸ்பத்திரியையும் பள்ளியையும் சுற்றி 100 மீட்டர் அமைதி வட்டாரம். இரவு பதினொரு மணிக்கு ஏரிக்கரைத் தெருவில் "தும் தும்" என்று போகும் கார்களே, நாரைக்குக் கிடைக்கும் மரியாதை நாடாத்திக் கிழவிக்கும் பச்சைப் பிள்ளைக்கும் கிடைக்கக் கூடாதா?

தங்கை மகன் கதைக்கு முடிவு. இருபத்தெட்டாயிரம் செலவாகவில்லை. நம்மூர்த் தச்சரிடம் 18 மில்லிமீட்டர் பலகையில் 28 லிட்டருக்கு மூடிய பெட்டி அடித்தோம். எண்களைப் பார்த்து ஒரு புது 12 இன்ச் ஊஃபர் வாங்கினோம். பழைய ஆம்பே போதும், பேஸ் பூஸ்டைப் பூஜ்யத்தில் வைத்தோம். மொத்தம் ஏழாயிரத்துச் சொச்சம். ஞாயிற்றுக்கிழமை செங்கல்பட்டு வரை போய் வந்தோம். முதல் பத்து நிமிடம் அவன் முகம் தொங்கியது. "இடிக்கவே இல்லையே மாமா" என்றான். பதில் சொல்லாமல் ஒரு பழைய இளையராஜா பாட்டைப் போட்டேன். சரணம் வந்ததும் காரை மெதுவாக்கினான். "மாமா, இந்தப் பாட்டுல பேஸ் கிடார் இருக்கா? இவ்ளோ நாளா கேட்டிருக்கேன், தெரியவே இல்லையே."

மிச்சப் பணத்தில் அவன் அம்மாவுக்குச் சீட்டுக் கட்டி முடித்தான். அதுவும் இந்தக் கணக்கில் சேரும்.

மறுப்பு இருந்தால் கீழே எழுதுங்கள். காரணத்தோடு எழுதுங்கள். "மாஸ்" என்று மட்டும் எழுதுகிறவர்களுக்குப் பூஜ்யம்.

அன்புடன்,
உங்கள் பழைய அறிவியல் வாத்தியார்,
உத்திரமேரூர்